அம்மா கையெழுத்திட்ட மதிப்பெண் பட்டியல்

செஞ்சி கூட்டு ரோட்டில் என்னுடையது பத்தாவதோ பதினோராவதோ ஜெராக்ஸ் கடை. மற்றதையெல்லாம் தாண்டி ஜெயசுதாக்கா என்னிடம்தான் வருவார். பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். என் மெஷினில் கலர் நன்றாக விழும். அவர் கொண்டுவருகிற பாடங்களில் ஏதாவது ஒரு மூலையில் அமெரிக்கக் கொடி இருக்கும். அது வெளிறிப்போனால் அவருக்குப் பிடிக்காது.

ஆறு வருஷம் வந்தார். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருவார். அவர் வீட்டுக்குள் நடந்த பள்ளிக்கூடத்தின் பாடம், பரீட்சை, பதில் தாள், கடைசியில் மதிப்பெண் பட்டியல் வரைக்கும் எல்லாம் என் கடையில் அச்சானவை. அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. பாதிப் பழியும் எனக்குச் சேரும். என் பெயர் கலைமதி.

அக்காவுக்குச் சொந்த ஊர் வல்லம் பக்கம். வேர்க்கடலை பிடுங்கப் போகிற கூலிக் குடும்பம். பிடுங்கின நிலத்தில் ஒரு சென்ட்கூட அவர்களுடையது கிடையாது. கல்யாணமாகி செஞ்சிக்கு வந்தார். வீட்டுக்காரர் பீமாராவ். மாமனார் அந்தப் பெயரை என்ன ஆசையில் வைத்தார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேன் ஓட்டுகிறார். காலையும் மாலையும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு ஒரே பெண், மோனிகா. அந்தப் பெண் மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் நிறைய. நானும் சிரித்திருக்கிறேன்.

மோனிகாவுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைப்பாளா என்று இருந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் வந்து முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியவர் பாஸ்டர் சுந்தரமூர்த்தி. சபைக்கு வந்த பலருக்கும் பெயர் மாற்றுவார், தன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றினால் நிலப் பத்திரத்தில் சிக்கலாம். பெண் பிழைத்தாள். அக்கா அன்றிலிருந்து சபை, பெண் இரண்டுக்காக மட்டுமே வாழ்ந்தார். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸை மோனிகா மறக்கவே இல்லை. பெரியவளானால் நர்ஸ் ஆவேன் என்று அன்றே சொன்னாளாம். அக்காவும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

பிறகு கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். மோனிகா அப்போது அரசுப் பள்ளியில் ஏழாவது. அந்த நேரத்தில்தான் பாஸ்டர் எங்கிருந்தோ ஒரு படிப்பைக் கொண்டுவந்தார். கிறிஸ்தவப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்துக் கல்லூரிக்குத் தயாராகிற பாடத்திட்டம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைக்கும் உண்டு. அமெரிக்காவில் இருந்து வீடியோ வரும், புத்தகம் கம்ப்யூட்டரில் வரும், பரீட்சையை அம்மாவே வைக்கலாம், மார்க்கை அம்மாவே போடலாம். முடித்த பிள்ளைகள் அங்கே பெரிய பெரிய கல்லூரிகளில் படிப்பதாகப் படம் போட்டிருந்தது. போகப் போகச் சபையில் ஆறு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆறு பேருக்கும் பள்ளி அக்கா வீட்டில்தான். மோனிகாதான் மூத்தவள்.

"உலகம் திறந்த பிறகு திரும்ப ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்மா" என்றார் பீமாராவ் அண்ணன். என் கடையில் நின்றுதான் சொன்னார்.

"மெட்ரிக்ல படிக்கிற புள்ளைங்க பேசற இங்கிலீஷை நீதானே தினம் வேன்ல கேக்கற. நம்ம புள்ள அதுக்கும் மேல பேசணும்னு உனக்கு இல்லியா?" என்றார் அக்கா.

அண்ணன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மெட்ரிக் பள்ளிக்குக் கட்ட வழியில்லை. அரசுப் பள்ளியில் படித்தால் நாமும் நம் பெண்ணும் இருந்த இடத்திலேயே இருப்போம் என்ற பயம் அக்காவுக்கு. தலைமுறை தலைமுறையாகக் கடைசியில் நின்றவர்களுக்கு, வரிசையே இல்லாத ஒரு வாசல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஓடத்தான் செய்வார்கள். அக்காவைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு திட்ட வேண்டும்.

அந்த வீட்டுப் பள்ளியை நான் ஒருநாள் நேரில் பார்த்தேன். அட்டைப்பெட்டியை வெட்டி மேஜையில் தடுப்பு வைத்திருந்தார்கள், பிள்ளைகள் பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு சின்னக் கொடி. சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது, கொடியைத் தூக்கி நிறுத்த வேண்டும். மோனிகா வேதியியல் கணக்கில் மாட்டிக்கொண்டு கொடியை நிறுத்தினாள். அக்கா போனார், தாளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பெண்ணின் தோளில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பிறகு, "திரும்ப அந்த வீடியோவைப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மோனிகா சிரிக்கவில்லை, வீடியோவைத் திரும்பப் பார்த்தாள், கணக்கையும் போட்டாள்.

திருத்துவதுதான் பெரிய கூத்து. பதில் புத்தகத்தை அக்கா பீரோவில் பூட்டி வைத்திருப்பார். பெண் எழுதியதையும் அதையும் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். அர்த்தம் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை மாறினாலும் தப்பு. பதில் புத்தகத்தில் ஆட்டோமொபைல் என்று இருந்ததற்கு மோனிகா கார் என்று எழுதிவிட்டாள். முட்டை.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

"அப்போ அவங்க கார்னே போட்டிருப்பாங்களே" என்றார். "நான் பாவம் பாத்து மார்க் போட்டா, நாளைக்கு எவனாவது உங்க அம்மாதானே போட்டாங்கன்னு கேப்பான் கலை."

அப்படிக் கேட்பார்கள் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. நேர்மையாகப் போட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நம்பினார்.

பள்ளிகள் திறந்த வருஷம், படிப்பை விட்ட பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தார். மோனிகா உள் அறையில் உலக வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு ஊட்டியில ஹாஸ்டல்ல படிக்குது" என்று அக்கா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். டீச்சர் அதை எழுதிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

இப்படியே இந்த வருஷம் ஏப்ரலில் பன்னிரண்டாவது முடிந்தது. சபையில் விழா. அக்கா கறுப்பு லைனிங் துணியில் அங்கி தைத்தார், அட்டையில் சதுரத் தொப்பி செய்தார். மதிப்பெண் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். கெட்டிப் பேப்பர், தங்க பார்டர், நடுவில் வட்டமாக ஒரு முத்திரை. முத்திரை அக்கா கேட்டது இல்லை, நானாகப் போட்டது. அழகாக இருக்கட்டும் என்று போட்டேன். சராசரி தொண்ணூற்று நாலு. கீழே 'முதல்வர்' என்ற இடத்தில் அக்கா மூன்று தாளில் எழுதிப் பழகிவிட்டு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார். பார்த்த எனக்கே, இது எங்கே செல்லும் என்று கேட்க வாய் வரவில்லை. ஆறு வருஷம் காசு வாங்கிப் பிரிண்ட் போட்டவள், அன்றைக்கு மட்டும் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மே மாதம் நர்சிங் விண்ணப்பம் போட மூன்று பேருமாக வந்தார்கள். பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் ஏறியது. பிறகு, எந்த வாரியத்தில் படித்தீர்கள் என்று கேட்டது. பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.

"இதர-ன்னு ஒண்ணு இருக்குது பாரு. அதுல போடு" என்றார் அக்கா.

போட்டேன். பத்தாம் வகுப்புப் பதிவு எண் கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

"நெட்டு சரியில்ல போல" என்றார் அக்கா. நெட் நன்றாகத்தான் இருந்தது. நான் பீமாராவ் அண்ணனைப் பார்த்தேன். அவர் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரில் போனால் நடந்துவிடும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். எனக்கு மனசு கேட்காமல் கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன். திண்டிவனம் தாண்டி ஒரு தனியார் நர்சிங் கல்லூரி. சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இந்தப் பிரின்சிபால் யாரும்மா?"

"நான்தான் சார்."

"பொண்ணுக்கு நீங்க?"

"அம்மா."

அவர் சிரித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. தாளை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அம்மா மார்க்கை சும்மா போடல சார்" என்றாள் மோனிகா. "ஒரு வார்த்தை மாறினாகூட தப்பு போடுவாங்க. நீங்க வேணும்னா இப்பவே கேள்வி கேளுங்க. பயாலஜில எங்க வேணும்னாலும் கேளுங்க."

"நீ படிச்சிருப்பம்மா. பேசறதுலயே தெரியுது" என்றார் அவர். அக்கா பக்கம் திரும்பி, "பன்னெண்டாவதை விடுங்க. பத்தாவது மார்க் லிஸ்ட் இருக்குதா? அது இருந்தா வேற ஏதாவது வழி பார்க்கலாம்" என்றார்.

"பத்தாவதும் நான்தான் சார் போட்டேன்" என்றார் அக்கா.

திரும்பி வருகிற பஸ்ஸில் மோனிகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். அழவில்லை. செஞ்சிக் கோட்டை மலை தெரிய ஆரம்பித்ததும், "ஏம்மா, இதை யாருமே முன்னாடி கேக்கலியா?" என்று மட்டும் கேட்டாள்.

பாஸ்டர் அந்தப் படிப்புக் கம்பெனிக்கு மெயில் போட்டார். பதில் வந்தது என் கடைக்கு, நான்தான் பிரிண்ட் எடுத்தேன். ரொம்ப மரியாதையான பதில். உங்கள் நாட்டுச் சட்டப்படி இந்தப் படிப்பு செல்லுமா என்று பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு, அதை ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று இருந்தது. உண்மைதான். வருஷா வருஷம் அந்த ஒப்புதல் தாளை அச்சடித்தவள் நான், கையெழுத்துப் போட்டவர் அக்கா. ரெண்டு பேரும் படித்ததில்லை. அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும்.

மற்ற ஐந்து பிள்ளைகளும் சின்னவர்கள், பதினான்கு வயதுக்குள். பெற்றோர் அந்த வாரமே அரசுப் பள்ளிக்கு ஓடினார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வந்த கோபம் பாஸ்டர்மேல் வரவில்லை, அக்காமேல் வந்தது. தாள் முழுக்க இருந்தது அவர் கையெழுத்துதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில், "சிஸ்டர் ஜெயசுதா அறியாமையில செஞ்ச பிழைக்காக எல்லாரும் ஜெபிப்போம்" என்றார். சபையே எழுந்து நின்று, கையைத் தூக்கி, சத்தமாக அக்காவுக்காக மன்னிப்புக் கேட்டது. அந்தப் படிப்பைச் சபைக்குக் கொண்டுவந்தவர் யார், ஆறு பேரைச் சேர்த்தவர் யார் என்று ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. விஷயம் என் காதுக்கு வந்ததும் கொதித்துப்போனேன். "எழுந்து கேட்டிருக்க வேண்டாமா?" என்று கத்தினேன்.

"கையெழுத்து நான்தானே போட்டேன்" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் குரலில் உயிரே இல்லை.

பிறகு விழுப்புரம் போனோம். கல்வி அலுவலகத்தில் ஒரு மேடம் பொறுமையாக விளக்கினார். மோனிகாவுக்குப் பள்ளிக்கூடப் பதிவில் இருப்பது ஏழாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு வெளியூரில் படிப்பதாகக் குறிப்பு இருக்கிறது. எந்த வெளியூர், எந்தப் பள்ளி என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வயது தாண்டிவிட்டதால் இனி பள்ளியில் சேர முடியாது, முதலில் தனித்தேர்வராக எட்டாவது எழுத வேண்டும், அடுத்து பத்தாவது, அதற்கப்புறம்தான் மேல் வகுப்பு. தனியாக எழுதுகிறவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை உள்ள பாடங்கள் கிடையாது, ஆகவே அறிவியல் பிரிவு எடுக்க முடியாது என்றார். அறிவியல் இல்லாமல் நர்சிங் இல்லை. அதை மேடம் வாயால் சொல்லவில்லை, எங்களுக்கே புரிந்துவிட்டது.

வேறு ஏதாவது டிகிரியாவது படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய விலைக்கு வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மோனிகா தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினாள். ஆறு வருஷமாக ஒரு வரி தமிழ் எழுதாதவள். அந்தப் படிப்பில் தமிழ் என்று ஒரு பாடமே கிடையாது. தெருவிளக்கு கேட்டுப் பேரூராட்சிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஜெபம் மாதிரி ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டாள். பேனாவை மூடினாள்.

"பன்னெண்டாவது முடிச்சேன்னு கேக் வெட்டி ஊருக்கே கொடுத்தோம்க்கா. தெருவுல எல்லாரும் போட்டோ பாத்தாங்க. இப்போ பதிமூணு வயசுப் புள்ளைங்களோட போய் எட்டாவது எழுதறதா? எழுதி இன்னா ஆவப் போறேன்? நர்ஸா?"

"நாலஞ்சு வருஷம்தானேடி" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"எனக்கு வேணாம்" என்றாள். பிடிவாதமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ரொம்பக் களைத்துப்போன ஒருத்தி படுக்கப் போகிறேன் என்று சொல்வது போலச் சொன்னாள். அக்கா எத்தனையோ தடவை கேட்டும், அண்ணன் ஒருநாள் அழுதும், அதே பதில்தான்.

ஆகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. செய்யாறு பக்கத்தில் இருக்கிற ஷூ கம்பெனி ஒன்றுக்கு எங்கள் பக்கத்தில் இருந்து நிறையப் பெண்கள் போகிறார்கள். கம்பெனி பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆள் சேர்க்கிற மங்கை என்ற பெண் என் கடையில் உட்கார்ந்துதான் விண்ணப்பங்களை ஏற்றுவார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் வேலைக்காவது போகிறேன் என்று மோனிகாவே சொன்னாள். அம்மாவும் பெண்ணும் வந்தார்கள்.

"எவ்ளோ படிச்சிருக்க?" என்றார் மங்கை.

மோனிகா பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழை நீட்டினாள். அவளிடம் செல்லுபடியாகிற தாள் அது ஒன்றுதான்.

"ஏழாவதா? பாத்தா காலேஜ் பொண்ணாட்டம் இருக்கறியே" என்று மங்கை திரும்பத் திரும்பப் பார்த்தார். "எட்டாவது பாஸ் இல்லாம எடுக்க மாட்டாங்க. நான் இன்னா பண்ண? கம்ப்யூட்டரே ஏத்துக்காது."

"இங்கிலீஷ் நல்லா பேசுவா, கம்ப்யூட்டர் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சு இன்னா? தாள் இல்லியே." பிறகு மங்கை அக்காவைப் பார்த்தார். "நீ இன்னா படிச்சிருக்க?"

"நானா? ஒம்போதாவது. வல்லத்துல" என்றார் அக்கா. "சர்டிபிகேட் இருக்குது, அம்மா வீட்ல."

"வயசு?"

"முப்பத்தேழு."

"நாப்பது வரைக்கும் எடுக்கறாங்க. உன் பேரைப் போட்டுடட்டா?"

அக்கா மங்கையையே பார்த்தார். மெதுவாகத் திரும்பி மோனிகாவைப் பார்த்தார். அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான். கல்லூரியில், சபையில், விழுப்புரத்தில் எங்கேயும் அழாதவர், என் கடையில் நாலு பேர் ஜெராக்ஸுக்கு நிற்கையில், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"என்னைவிடக் கம்மியா படிக்க வச்சுட்டேனேடி" என்றார். "நடவுக்குப் போய்க்கினே எங்க அம்மா என்னை ஒம்போதாவது வரைக்கும் அனுப்பிச்சாளே. நான் உன்னை ஏழாவதோட நிறுத்திட்டேனே."

மோனிகா அம்மாவை அணைத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளி நிற்கவும் இல்லை. மங்கையிடம், "அம்மா பேரைப் போடுங்க" என்றாள். பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அவளே சொன்னாள். நான் டைப் செய்தேன். கல்வித் தகுதி ஒன்பது என்று போட்டதும் அடுத்த பக்கம் உடனே திறந்தது.

அக்கா வேலைக்குப் போய் இப்போது மூன்று மாதம். கம்பெனி பஸ் காலை ஐந்தேகாலுக்கு வருகிறது. மோனிகா எழுந்து சோறாக்கி, டப்பாவில் கட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்து, அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள்.